பத்துக் கேள்வியும் ஒரு பிரஷர் பட்டையும்

ஜூன் 3, திங்கள்

டாக்டரம்மா இன்று என் தலையில் புது வேலை ஒன்றைக் கட்டினார். இனி கிளினிக்குக்கு வருகிற பெரியவர்கள் எல்லாரிடமும் பத்துக் கேள்வி கேட்க வேண்டுமாம். சின்ன வயதில் அடி வாங்கினீர்களா, வீட்டில் யாராவது குடித்தார்களா, பயந்து பயந்து வளர்ந்தீர்களா - இப்படி.

"சின்ன வயசு பயம் உடம்புலயே தங்கிடும் சிஸ்டர். பின்னாடி பிரஷர், சர்க்கரை, வயித்துவலின்னு வேற பேர்ல வரும். தெரிஞ்சா வைத்தியத்தை அதுக்கேத்த மாதிரி மாத்தலாம்" என்றார்.

ஊசியைப் பார்த்தாலே ஓடுகிற கூட்டம், இதைக் கேட்டால் சுவரேறிக் குதிக்குமே என்று நினைத்தேன். என் முகம் சொல்லியிருக்கும்.

ஒத்திகைக்கு என்னையே கேட்டார். பத்துக்கும் 'இல்லை'. "அடியா? எங்கப்பா கை வலிக்குமேன்னு எங்களைத் தொடவே மாட்டார் டாக்டர்" என்று ஒரு ஜோக்கும் அடித்தேன். சிரித்துவிட்டு என் பிரஷருக்கு மூன்றாவது மாத்திரையை எழுதினார். இரண்டுக்கு அடங்கவில்லை. இதுவும் கேட்காவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்கிறார்.

ஜூன் 6, வியாழன்

தையல்காரர், தீராத வயிற்றுப்புண். முதல் கேள்வியிலேயே "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று எழுந்தவர்தான், ஆளைக் காணோம்.

அடுத்து ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், சர்க்கரைக்காரர். "பத்துக்கு எத்தனை எடுத்தா பாஸ்?" என்றார்.

"ஒவ்வொரு 'ஆமா'வுக்கும் ஒரு மார்க். இதுல முட்டை வாங்கினாத்தான் சார் நல்லது."

"முட்டையா? நானா? ஆறு போட்டுக்கோம்மா."

கம்பீரமாக நடந்து போனார். அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் அந்த ஆறு எனக்கு உறைத்தது.

ஜூன் 14, வெள்ளி

என் மூளைக்கு யாராவது மாலை போட வேண்டும். பிரஷர் பட்டையைக் கையில் கட்டிவிட்டு, மெஷின் ஓடும்போதே கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். பட்டை கட்டிய ஆள் தண்ணீர் குடிக்கப் போக முடியாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

ஜூன் 18, செவ்வாய்

தெருவில் பாதிப் பேருக்குத் திடீரென்று பிரஷர். "இங்க எல்லாரும் உப்பைக் கரைச்சா குடிக்கிறாங்க?" என்று டாக்டரம்மா மண்டையை உடைத்துக்கொள்கிறார். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதென்று மருந்துக் கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். நான் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி பிரஷர் பட்டையை மடித்து வைத்தேன்.

ஜூன் 19, புதன்

மாட்டிக்கொண்டேன். திரைக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"சிஸ்டர்! பட்டையைக் கட்டிட்டா கேக்கறீங்க?"

அசடு வழிய நின்றேன். இனி முதலில் ஆளை அமைதியாக உட்கார வைத்து, பிரஷர் பார்த்து, பட்டையை அவிழ்த்துவிட்டு, அப்புறம்தான் கேள்வி. இதுவரை பார்த்தவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு அளக்க வேண்டும். கூப்பிட வேண்டியது யார்? நான்தான். நன்றாகத் திட்டிவிட்டுப் போகும்போது, "கேள்வி காதுக்கு மட்டுமில்ல, உடம்புக்கும் கேக்குதுன்னு காட்டிட்டீங்க" என்றார்.

ஜூன் 20, வியாழன்

உடம்புக்குக் கேட்கிறதாம்! பொய்யென்று நிரூபிக்கிறேன் பார் என்று சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்தி, என் கையிலேயே பட்டையைக் கட்டினேன். ஒவ்வொரு கேள்வியாகச் சத்தமாகப் படித்து, இல்லை என்று சொல்லி, பொத்தானை அழுத்தினேன். முதலில் எல்லாம் மெஷின் பரமசாது. "அடி விழுமோ என்று பயந்துகொண்டே வீட்டில் இருந்ததுண்டா?" - "இல்லை." எண் எகிறியது. மறுபடி அழுத்தினேன். இன்னும் மேலே.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்துவிட்டேன்.

அப்பா வண்டியை நிறுத்துகிற சத்தத்தை வைத்தே அக்கா வானிலை அறிக்கை வாசிப்பாள். "இன்று இடியுடன் கூடிய மழை." உடனே நான் கட்டிலுக்கு அடியில். இன்றைக்கும் போனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். என்னத்துக்குச் சிரிக்கிறோம்? அவளுக்கு எத்தனை வருஷமா தலைவலி! எந்த ஸ்கேன்லயும் ஒண்ணுமில்ல. எனக்கு இந்த பிரஷர். அடப்பாவி மனுஷா, செத்தும் விடமாட்டியா?

ஜூன் 27, வியாழன்

தலைவலிக்கென்று சொல்லி அக்காவை வரவழைத்தேன். கேள்விகளை நான்தான் கேட்க வேண்டும் என்று அவள் அடம். பட்டை இல்லாமல்தான் கேட்டேன்.

"அப்பாவா? அவர் தங்கம்டி. ஆனா தங்கத்துக்கு விழ வேண்டிய அடி மட்டும் நமக்கு" என்றாள்.

வேறு நாளென்றால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

"என்னடி, சிரிக்க மாட்டேங்கற?"

"வரலக்கா."

அவள் முகத்திலிருந்த சிரிப்பும் போனது. "உன்னை உள்ள தள்ளிட்டு நான் வெளியில நிப்பேன். யாரையாவது அடிச்சாத்தானே அவருக்கு அடங்கும்? அன்னிக்கு ராத்திரியெல்லாம் தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். அதே வலிதான்டி, இப்பவும்."

கட்டிலுக்கு அடியில் ஒருத்திக்குத்தான் இடம் என்று அப்போதெல்லாம் சொல்வாள். நானும் நம்பினேன். அது இரட்டைக் கட்டில்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு டாக்டரம்மாவிடம் போய், "என்னை முதல்லேருந்து கேளுங்க" என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

மனநல ஆலோசகரிடம் அக்காவும் நானும் சேர்ந்தே போகிறோம். "ரெண்டு பேரும் ஒண்ணா போனா அந்தம்மாவுக்குத்தான் தலைவலி வரும்" என்கிறார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு அவரே வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்.

தையல்காரர் இன்று வந்து பவ்யமாக உட்கார்ந்தார். "தண்ணி குடிச்சிட்டேன் சிஸ்டர். கேளுங்க."

ஆகஸ்ட் 2, வெள்ளி

மூன்றாவது மாத்திரையை டாக்டரம்மா நிறுத்திவிட்டார். மீதி இரண்டும் தொடரும். மெஷினை நான் முறைப்பதை நிறுத்தியாகிவிட்டது.

சாயங்காலம் அக்கா போன். "இன்னிக்கு வானிலை என்னடி?" இப்போது அறிக்கை அப்பாவைப் பற்றியதல்ல.

"காலையில மேகமூட்டம். இப்ப பரவாயில்ல. உனக்கு?"

"லேசா தூறல்" என்றாள். முன்பெல்லாம் தனக்கு மட்டும் எப்போதும் நல்ல வெயில் என்பாள்.

"நான் வரட்டுமாக்கா?"

"வாயேன். இடம் இருக்கு."