பாறைகளுக்குப் பெயர் வைத்த வருடம்

ஜனவரி 14
நிலவியல் கலைச்சொல் புத்தகத்துக்கு இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு வேல்ஷ் சொற்கள் வேண்டும். தலைமையாசிரியர் குவிலிம் இன்று கறாராகச் சொல்லிவிட்டார்: "அஞ்சு பிள்ளைங்களாவது நிலவியலை வேல்ஷ்ல பரீட்சை எழுதணும் மெரெரித். இல்லேன்னா அடுத்த வருஷத்துல இருந்து இங்கிலீஷ்தான்." பிள்ளைகள் எழுதச் சொல் வேண்டுமே. அதற்குத்தான் இந்தப் பாடு.

பிப்ரவரி 3
சொற்களை முடிவுசெய்யும் குழு கூடியது. சிலேட்டுக் கல் பிளக்கும் வாட்டத்துக்கு எங்கள் பிளைனாய் குவாரியில் ஒரு சொல், பெதெஸ்தா குவாரியில் வேறொரு சொல். இரண்டு மணி நேரம் சண்டை. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டையும் தள்ளிவிட்டு, எவர் வாயிலும் புழங்காத ஒன்றைப் புதிதாகச் செய்தோம். எல்லோருக்கும் திருப்தி!

வீட்டில் என் கணவர் ஹெஃபினுக்குப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். "முப்பது வருஷம் கல்லு பிளந்தவன்டி நான். இதுல ஒண்ணுகூட எனக்குப் புரியலயே" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 1
எங்கள் வேல்ஸ் நாட்டின் புனிதர் டேவிட் திருநாள். எல்லார் சட்டையிலும் நாட்டுச் சின்னமாக லீக் என்கிற வெங்காயத்தாள். மேடையில் மொழிப்பற்று பொங்கி வழிந்தது. என் வேல்ஷ் நிலவியல் வகுப்பில் சேர்ந்தவர்கள் மூன்று பேர்.

ஜூன் 20
நான்காவது ஆள் கிடைத்தாயிற்று. ஐந்தாவதாக ஹெலெத் சேர்ந்தாள். அதற்காக அவள் அம்மாவைப் பார்க்க மூன்று முறை நடந்தேன். இதற்குமேல் மானத்தை விற்க முடியாது.

ஆகஸ்ட் 28
புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. ஆயிரத்து நூறு சொற்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஏன் சந்தோஷம் வரவில்லை?

செப்டம்பர் 5
முதல் வகுப்பு. என் ஐந்து பேர். ஆறாவதாக, லிவர்பூலிலிருந்து குடிவந்த கிரேஸ். ஒரு வேல்ஷ் வார்த்தைகூடத் தெரியாது. பேந்தப் பேந்த விழித்தாள். நான் இரண்டாவது வாக்கியத்திலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டேன். மாறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. புரியாத ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் அறையே அவர் பக்கம் திரும்பிவிடும்; இங்கே எல்லோரும் அப்படித்தான், கடைக்காரரிலிருந்து போதகர் வரை. மரியாதை. வேறென்ன செய்வது? நாளை முதல் மாற்றிக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 19
மாற்றவில்லை.

அக்டோபர் 10
என் ஐந்து பேருடைய தேர்வு விண்ணப்பங்கள் வந்தன. எழுதும் மொழி ஐந்திலும் ஆங்கிலம் என்று குறித்திருக்கிறார்கள். ஐந்திலும்! ஹெலெத்தைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன், வேல்ஷில்தான். ஏன் இப்படிச் செய்தீர்கள், புத்தகம் இருக்கிறதே, சொல் இருக்கிறதே என்று. ஐந்து தாளையும் அவள் முன்னால் விரித்துப் போட்டேன்.

அவள் பயந்துபோனாள். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க எல்லாத்தையும் இங்கிலீஷ்லதானே சொல்லிக்குடுத்தீங்க?"

ஐந்து விண்ணப்பங்களிலும் கையெழுத்துப் போட்டு குவிலிம் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.