புல் தின்ற உரம்

என் மகாராணிக்கு,

ஈரேழு உலகமும் நடுங்கும் உன் சித்தப்பா எழுதுவது.

உன் அப்பா தைலமரக் கன்று நட்ட மணலில் சத்து என்பது பேருக்குக்கூடக் கிடையாது; அங்கே எறும்பே கட்டுச்சோற்றோடுதான் வரும். "களையெடுத்துட்டு உரம் போடுங்கண்ணா" என்றேன். "அதுக்குள்ள மழை நின்னுடும்டா, உனக்கு என்ன தெரியும்?" என்றார். போட்ட உரம் மொத்தத்தையும் புல் தின்றது. கன்று முழங்கால் உயரம் நின்றது. புல்லோ, யானை தொலைந்துபோகும் உயரம்.

கோடையில் அந்தப் புல் காய்ந்து, போன வாரம் பற்றிக்கொண்டது. கன்றுகளைக் காப்பாற்ற அண்ணன் ஈரச் சாக்கோடு உள்ளே ஓடினார். நூறு பேர் சேர்ந்து இழுத்தும் அவரை நிறுத்த முடியவில்லை என்று எழுதத்தான் ஆசை. நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

இப்போது ஆஸ்பத்திரியில் ராஜா மாதிரி படுத்திருக்கிறார், உடம்பு முழுக்க வெள்ளைக் கட்டோடு. டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

உன் கல்யாணத்திலிருந்து நீயும் அப்பாவும் பேசவில்லை. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. கிடைக்கிற வண்டியில் ஏறி வா. கோபத்தையும் கூட்டிக்கொண்டு வா. பக்கத்தில் உட்கார்ந்து ஆசை தீரத் திட்டு. வாயில் குழாய் இருக்கிறது, எதிர்த்துப் பேச மாட்டார். காது மட்டும் இன்னும் கேட்கிறது.

உனக்காக வாசலிலேயே நிற்கும்,
சித்தப்பா