நீலப் பாதையில் இறங்கியவளுக்கு

அன்புப் பேத்தி இலாரியாவுக்குப் பாட்டி எர்மினியா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் பசுக்களும் சுகமாக இருக்கிறோம், அங்கே கனடாவில் நீயும் உன் இடது முழங்காலும் அதேபோல் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். இப்போதுதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனைக் காதில் வைத்தால் எனக்குச் சாப்பிட்டியா என்பதைத் தவிர வேறு பேச்சு வருவதில்லை. பனிச்சறுக்குக் கோப்பையை ஜெயித்த கையோடு நீ கூப்பிட்டு ஒன்று கேட்டாயே, பாட்டி, ஜெயிச்சா இந்தப் பக்கம் வரமாட்டேன்னு தெரியும்ல, கோபமா என்று, அதற்கும் நான் சாப்பிட்டியா என்றுதான் சொன்னேன். அதுதான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, கோணல் மாணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

நீ ஜெயித்த அன்றைக்கு இங்கே நடந்த கூத்தை உன் அப்பா பாதிதான் சொல்லியிருப்பான். உங்கள் ஊர் மத்தியானம் நமக்குச் சாயங்காலப் பால் நேரம், அதனால் உன் அப்பா ரெனாத்தோ நேரத்துக்கு முன்னாலேயே கறக்கப் போக, பசுக்கள் கோபித்துக்கொண்டு பாதிப் பாலை அடக்கிக்கொண்டன. போகட்டும் என்று விட்டுவிட்டு இரண்டு பேரும் ரொசெல்லாவின் காப்பிக் கடைக்கு வந்தால் ஊரே அங்கே இருக்கிறது, டி.வி.க்கு நேர் முன் நாற்காலியில் பனிச்சறுக்குச் சங்கத் தலைவன் பவுஸ்தோ. அவனைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நீ ஏழு வயதில், ஓட்டலில் யாரோ விட்டுவிட்டுப் போன உடைசல் பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனபோது, இது வேலைவெட்டி இல்லாத நகரத்துப் பசங்க விளையாட்டு, போய் ஒழுங்கா இரண்டு கட்டையைக் காலில் மாட்டிக்கிட்டு வா என்று உன்னைத் திருப்பி அனுப்பியவன் அவன். அதே பலகை விளையாட்டில் நீ சின்னவர்கள் போட்டியில் முதலாவதாக வந்ததும், உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியதும் உன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டவனும் அவன்தான். உன் முழங்கால் ஜவ்வு அறுந்து அணிக்காரர்கள் உன்னை அணியிலிருந்து நீக்கிவிட்டு, இனி உன் செலவில் நீயே பயிற்சி செய்துகொள் என்றபோது, நம் அடுப்படியில் நின்றுகொண்டு, முப்பது தாண்டிருச்சு, மலைக்குப் போற கயித்து வண்டி ஏறுற இடத்தில் டிக்கெட் கிழிக்க ஆள் தேடுறாங்க, சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டானே, அதை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். நீ பலகையைப் பையில் போட்டுக் கனடாவுக்குக் கிளம்பிவிட்டாய். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டு, பாட்டி, இந்த வருஷம் கண்ணாடி உருண்டைக் கோப்பை கிடைக்கலைன்னா பலகைக் கம்பெனியும் கைவிட்டுரும், வீட்டுக்கு வந்து மாட்டைப் பார்த்துக்கறேன் என்றாய். அன்றிலிருந்து எனக்கு இரண்டு மனசு. மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றும்போதுகூட ஜெயிக்கவை என்று கேட்க வாய் வரவில்லை, அவள் காலை மட்டும் பார்த்துக்கொள் தாயே, மீதியை அவளே பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அரையிறுதியில் அந்தச் சுவிஸ்காரியை நீ பின்னுக்குத் தள்ளிவிட்டு வந்தாய் அல்லவா, அங்கேதான் சில்வியோ கெடுத்தான். ஊர்ப் பிள்ளை ஜெயித்தால் கோவில் மணி அடிக்கிறது நம் வழக்கம், மணிக்காரன் அவன், காதும் மந்தம். எல்லாரும் எழுந்து கத்தினதைப் பார்த்ததும் கோப்பையே வந்துவிட்டது என்று நினைத்து ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டான். டேய் இன்னும் ஒரு ஓட்டம் இருக்குடா என்று உன் அப்பா வாசலில் நின்று கத்துகிறான், மணிச் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும். நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் கீழூர்க்காரர்களுக்கு அது தீ. வண்டியும் குழாயுமாகத் தீயணைப்புக்காரர்கள் எல்லாரும் வந்து இறங்கி, எங்கே எரியுது என்று கேட்க, ரொசெல்லா, எரியலை, இனிமேத்தான் எரியும், உட்காருங்க என்று காப்பி ஊற்றினாள். தொப்பியும் பூட்சுமாக அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். சில்வியோ வியர்த்து வடிய உள்ளே வந்ததும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள், ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே மணி அடிச்ச பாவி, அவ தோத்தா அந்தக் கயித்துலயே உன்னைக் கட்டுவோம் என்று. அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகப் போய்விட்டது.

அப்புறம் இறுதி ஓட்டம். வருஷக் கணக்கில் நீயும் ஆஸ்திரியாக்காரியும் கிட்டத்தட்ட சமம், இதில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்கே கண்ணாடி உருண்டை. காலை ஓட்டத்தில் நீ வேகமாக வந்ததால், சிவப்பு, நீலம் என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பாதையில் எதை எடுப்பது என்பது உன் கையில். நாள் முழுக்கச் சிவப்புப் பக்கத்தை எடுத்தவர்கள்தான் பெரும்பாலும் ஜெயித்தார்கள், நீலப் பக்கம் மரநிழலில் கெட்டிப் பனிக்கட்டி, காலடியில் கண்ணாடி மாதிரி. நீ போய் நீலத்தில் கை வைத்தாய். கடையே தலையில் அடித்துக்கொண்டது. நீலமா, முழங்காலோட மூளையும் போயிருச்சா இவளுக்கு என்று பவுஸ்தோ கத்தினான். பொய் சொல்வானேன், நானும்தான் கத்தினேன், சிவப்பை எடுடி கழுதை என்று. வெயிலில் சிவப்புப் பக்கம் இளகிப் பலகையைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, பனிக்கட்டிதான் இனி வேகம் என்று நீ பார்த்துவைத்திருந்ததை அப்புறம் அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பாதி வழி அவள் முன்னால் போனாள். உன் பலகை பனிக்கட்டியில் கீச்சென்று கத்தின சத்தம் டி.வி.யில் கேட்டது, ஒரு வளைவில் உன் கை தரையைத் தொட்டது, போச்சு என்று நினைத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்குள் ஒருத்தி, விழுந்தால் என்ன, பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று சொன்னாள். அதற்குள் நீ எழும்பி அந்தக் கடைசிச் சரிவில் குனிந்தாய் பார், அந்த முகத்தை நான் உன் ஏழு வயதிலிருந்து பார்க்கிறேன். எனக்குள் இருந்தவள் எங்கே போனாள் தெரியவில்லை, நான் நாற்காலிமேல் ஏறி, போடி போடி என்று கத்திக்கொண்டிருந்தேன், ஒரு தீயணைப்புக்காரர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு முழம். ஒரு முழத்தில் நீ முந்தினாய். உன் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான். மணி அடிடா என்று எல்லாரும் சொல்ல, சில்வியோ, ஒரு ஜெயிப்புக்கு ஒருவாட்டிதான், நான் அடிச்சாச்சு என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கடைசியில் தீயணைப்பு வண்டியின் சங்கை ஊதிக்கொண்டு ஊரை மூன்று சுற்றுச் சுற்றினோம், என்னை முன் இருக்கையில் உட்காரவைத்து. பவுஸ்தோ வண்டியின் பின்னால் நடந்து வந்து, பாட்டி, அந்த உருண்டையை நம்ம சங்கத்துக் கண்ணாடி அலமாரியில் வைக்கலாமே என்றான். நான், கயித்து வண்டி ஏறுற இடத்தில் டிக்கெட் கிழிக்கிறவங்களைக் கேட்டுச் சொல்றேன் என்றேன். தீயணைப்புக்காரர்கள் சிரித்த சிரிப்பில் வண்டி நின்றுபோயிற்று.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கோபம் இல்லை கண்ணு. தோற்றால் வீட்டுக்கு வருகிறேன் என்று நீதானே சொன்னாய், அதையே நான் பிடித்துக்கொள்கிறேன். தோற்காமல் இந்தப் பக்கம் வந்து நிற்காதே. என்றைக்கு ஒருத்தி உன்னை நேராக நின்று ஜெயிக்கிறாளோ அன்றைக்கு வா, அவள் இன்னும் பிறக்காமல் இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

மாதா உன் காலடியில் கையை வைத்துக் காக்கட்டும், கெட்டிப் பனியும் உனக்கு வழிவிடட்டும். முழங்காலுக்கு நான் பின்னி அனுப்பிய கம்பளி உறையைப் போடாமல் வெளியே போகாதே, ஜெயித்தவள் என்று குளிர் பார்க்காது.

நாற்காலிமேல் ஏறியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டு, ஆனாலும் தலை நிமிர்ந்து நடக்கும்,
உன் பாட்டி எர்மினியா