ஃபார்மலினில் போடாதீர்கள்

மார்ச் 4, செவ்வாய்

கட்டிகள் பெரிதாகிவிட்டன, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். “இனிமே அது உங்களுக்கு எதுக்கு?” பழைய சைக்கிளைப் போட்டுவிடச் சொல்வது போல. கர்ப்பப்பைச் செல்களைப் பார்த்துத்தான் இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன் என்று நான் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

என் மாணவியின் ஆய்வுக் கட்டுரைக்கு முன்னுரை திருத்தினேன். சுற்றிவளைத்து எழுதியிருக்கிறாள். விஷயம் இவ்வளவுதான்: கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டரோன் செல்லுக்குள் வந்து, பூட்டில் சாவி போல, தனக்கான ஏற்பியில் உட்கார்கிறது. ஏற்பி டி.என்.ஏ.வில் போய் ஒட்டுகிறது. ஆனால் அது மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு கூட்டாளிப் புரதமும் இருந்தால்தான் மரபணு வேலை செய்யும். செல் உருண்டு தடித்து, கருவைத் தாங்கத் தயாராகும். சில பெண்களிடம் ஹார்மோனும் ஏற்பியும் இருந்தும் கூட்டாளி குறைவாக இருப்பதால் கரு தங்குவதில்லையோ என்பது எங்கள் ஊகம்.

எனக்கு இரண்டு முறை தங்கவில்லை. “கோளாறு உன் உடம்புலதான்” என்று சொல்லிவிட்டுப் போன கணவருக்கு வேறொருத்தியோடு பிறந்த மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். இல்லையென்று அன்று நான் எதை வைத்துச் சொல்வது?

மார்ச் 11, செவ்வாய்

எடுக்கும் திசுவை ஆய்வுக்குத் தரச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். அந்த மருத்துவமனையிலிருந்து திசு வருவது எங்கள் ஆய்வகத்துக்குத்தான். எண்ணும் வயதும் வரும், பெயர் வராது. யாருடையது என்று மாணவிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எதற்கு இது? நாற்பத்தெட்டு வயதுச் செல் முப்பது வயதில் நடந்ததற்குச் சாட்சி சொல்லாது. மாணவி இப்படி ஒரு யோசனையோடு வந்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். ஆனாலும் —

மார்ச் 18, செவ்வாய்

கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் கறாராகச் சொன்னதால் தங்கச்சியைக் கூப்பிட்டேன். வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்தாள். “என்னக்கா, வீட்லயும் லேப்தானா? ஒரு முட்டை, ஒரு தக்காளி. இதுக்கும் நம்பர் போட்டிருக்கியா?”

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வேலையைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன்.

“அப்ப அந்த ஏற்பிக்கே ஒரு துணை வேணும். உனக்கு மட்டும் வேண்டாம்.”

“அது புரதம்டி.”

“நீ மட்டும் என்ன, பிளாஸ்டிக்கா?”

சிரித்துவிட்டேன். எதையோ அடக்கத்தான் சிரித்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 20, வியாழன்

நேற்று முடிந்தது. மயக்க ஊசி ஏறும்போது நான் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஃபார்மலின்ல போட்டுடாதீங்க, செல்லு செத்துடும், குளிர்ந்த மீடியத்துல போடுங்க” என்றேனாம். “உங்கக்கா சமையல் குறிப்பு சொல்லிக்கிட்டே தூங்கினாங்க” என்று நர்ஸ் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 23, ஞாயிறு

தங்கச்சி ஊருக்குப் போய்விட்டாள். சீப்பை மறந்து வைத்துவிட்டாள். இருமினால் வலிக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

இன்று யாரோடும் பேசவில்லை. மாலையில்தான் கவனித்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

வேலைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் இன்குபேட்டரைத்தான் திறந்தேன். மாதிரி 31, வயது 48. ஹார்மோன் போன வாரமே கொடுத்தாகிவிட்டது.

“இருக்கறதுலயே ஸ்லோ இதான் மேம்” என்றாள் மாணவி. “வளரவே யோசிக்குது. சரியான அழுத்தம்.”

“சில செல்லு அப்படித்தான்” என்றேன். மைக்ரோஸ்கோப் பக்கம் போகவில்லை. பயம்தான், வேறென்ன.

ஏப்ரல் 25, வெள்ளி

“மேம், 31 வந்து பாருங்க.”

பார்த்தேன். ஊசிபோல் நீண்டு கிடந்திருக்க வேண்டிய செல்கள் உருண்டு, கொழுத்து, நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. மரபணு நன்றாகவே வேலை செய்கிறது. மாணவி சாயமேற்றி எடுத்திருந்த படத்தில் ஏற்பி இருந்த இடத்திலெல்லாம் அதன் கூட்டாளியும் இருக்கிறது. எதிலும் குறையில்லை.

“மறுபடி செய். மூணு தடவ வந்தா பேசலாம்” என்றேன். குரல் சரியாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்தம்மாவுக்குக் குழந்தைங்க இருக்கும்ல மேம்?”

“செல்லப் பாத்து அதச் சொல்ல முடியாது.”

“சும்மா கேட்டேன் மேம்.”

இது எதையும் நிரூபிக்கவில்லை. ஒரே மாதிரி, ஒரே தடவை, பதினெட்டு வருடம் கழித்து. எல்லாம் தெரியும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோளாறு என்கிட்ட இல்லடா. என்கிட்ட இல்ல. யாருக்குக் கேட்கப்போகிறது?

ஏப்ரல் 27, ஞாயிறு

செல்களுக்குச் சாப்பாடான மீடியத்தை இன்று மாற்றுவது மாணவியின் முறை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் போனேன். கட்டிடத்தில் ஆளில்லை. பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான புது மீடியத்தை ஓரமாக, செல்கள் பெயர்ந்துவிடாதபடி, மெதுவாக விட்டேன். இரண்டு நிமிட வேலை. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.