சிவப்பு வெளிச்சம் தெரியும் ஆம்ப்

ஆடி, செவ்வாய் இரவு.

பழைய ஹார்ட் ராக் கிட்டாரின் அந்த உறுமல் வால்வு ஆம்பில்தான் வரும் என்று சொல்லி, மைக்செட் சுந்தர்தான் என்னைக் கோவில்பட்டிக் கடைக்குக் கூட்டிப்போனான். பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பன். வால்வு என்றால் பழைய ரேடியோவில் இருக்குமே அந்தக் கண்ணாடிக் குழல், உள்ளே சிவப்பாக எரியும், அடுப்பு மாதிரி சுடும், அதுதான் அடையாளம் என்று பஸ்ஸில் அவனே சொன்னான்.

கடையில் ஆம்பின் வலைக்குப் பின்னால் சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன்.

"கழத்துனா சீல் போயிரும் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். ஆனால் ஸ்க்ரூ எல்லாம் இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டியதுபோல் புதுசாக மின்னின.

நான் தயங்கியதும் சுந்தர் பின்மூடியில் கையை வைத்துச் சட்டென்று உதறினான். "யம்மா, சுடுதுலே! வால்வேதான். யோசிக்காம எடு."

எடுத்துவிட்டேன்.

வீட்டில் சுவிட்சைப் போட்ட உடனே சத்தம் வந்தது. வால்வு சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டாமா? கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாசிக்கவேண்டிய பாட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்தேன். உறுமல் வரவில்லை, தகரத்தைச் சுரண்டுகிற சத்தம்தான் வந்தது. சிவப்பு வெளிச்சம் மட்டும் குறையவேயில்லை. கோயிலில் சுந்தர் கட்டுகிற சீரியல் பல்பின் அதே சிவப்பு.

கடைசியில் பின்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மண்பானை மாதிரி ஜில்லென்று இருந்தது.

அப்படியானால் சுந்தர் எதற்குக் கையை உதறினான்?