கப்பல் அணையும் மேடை

கப்பலில் வேலை செய்யும் பார்த்தீபன் விடுமுறை முடிந்து பகல் பஸ்ஸில் கொழும்புக்குப் புறப்படவேண்டிய அதே நாளில்தான் அவன் மனைவி கேதீஸ்வரிக்கு நெல்லியடியில் ஆங்கிலச் சோதனை வந்து விழுந்தது. முதல்நாள் மாலை அவள் quay என்ற ஆங்கிலச் சொல்லை 'குவே' என்று உரக்க வாசிக்க, "அது கீ" என்று அவளுடைய தங்கையின் முன்னால் அவன் சிரித்துவிட்டான். அவளும் விடவில்லை.

"வருசத்துக்கு ஒருக்கா வந்து திருத்திற வாத்தியார் எனக்கு வேண்டாம்."

அதோடு இருவரும் கதைக்கவில்லை.

காலையில் அவன் கடற்கரைப் பக்கம் போயிருந்தான். அவள் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்:

"புட்டும் மீன்குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். சாப்பிட்டிட்டுப் போங்கோ. வீட்டைப் பூட்டித் திறப்பைத் தங்கச்சியிட்டைக் குடுங்கோ. பையிலை வடை கிடக்கு, நசியாமல் பாருங்கோ."

பேனையை மூடியவளுக்கு மனம் கேட்கவில்லை. அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"அகராதி பார்த்தனான். நீங்கள் சொன்னதுதான் சரி. கப்பல் அணையிற மேடையாம். நீங்கள் இறங்கிற மேடை ஒண்டையும் நான் ஒருநாளும் கண்டதில்லை. அதுதான் சொல்லத் தெரியேல்லை."

சோதனை முடிந்து பின்னேரம் வந்து பார்த்தாள். சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. சீட்டைக் காணவில்லை. காற்றுக்குப் பறந்ததோ என்று மேசைக்கடியிலும் தேடினாள். வவுனியா தாண்டிய பஸ்ஸிலிருந்து அவன் அழைத்தான்.

"சீட்டை வாசிச்சனீங்களோ?"

"ஓம். என்ரை பொக்கற்றுக்குள்ளை கிடக்கு."

"அதை ஏன் கொண்டு போறியள்?"

"உம்மடை கையெழுத்து இருக்கெல்லே."