நூறு பெயர்களும் ஒரு போரும்

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
3 பெப்ரவரி

அன்புள்ள மகள் ஜொய்சிக்கு,

சுகமா? போனில் கதைத்தால் எங்களுக்குள் சண்டைதான் வரும், அதனால் எழுதுகிறேன். துறைமுகத்தில் குளிர் எலும்பைத் தின்கிறது. லொறி ஓடுகிறது, நானும் ஓடுகிறேன்.

நீ வேலை செய்கிற அமெரிக்க செனற்றில் போரைப் பற்றி வாக்கெடுப்பாம். ஜனாதிபதிதான் ஏற்கெனவே விமானங்களை அனுப்பிவிட்டாரே, பிறகென்ன வாக்கு? அன்று எங்கட ஊரில் உன் அம்மாமேல் குண்டு போட்டவர்களும் யாரையும் கேட்கவில்லை. அப்படியொரு இடத்தில் நீ சம்பளம் வாங்குவதை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்பா,
ஞானேந்திரன்

வாஷிங்டன்
12 பெப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

திட்டியாவது எழுதினீர்களே, சந்தோஷம்.

படைக்குத் தளபதி ஜனாதிபதிதான். ஆனால் போர் தொடுக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு அவரிடம் கொடுக்கவில்லை. மக்கள் தெரிந்தெடுத்த சபைகளிடம் கொடுத்தது. ஒருவருடைய கோபத்துக்காக ஒரு நாடே போருக்குப் போகக் கூடாது என்ற பயம். ஜனாதிபதிகள் அதைத் தாண்டிப் பழகிவிட்டார்கள் என்பதும் உண்மைதான். அதனால்தான் ‘சபையின் அனுமதியில்லாத போரை நிறுத்து’ என்ற தீர்மானம் வருகிறது.

26ஆம் திகதி பின்னேரம் வாக்கெடுப்பு. செனற்றின் நூறு உறுப்பினர்களின் பெயரையும் நான்தான் வாசிக்கிறேன். தொலைக்காட்சியில் காட்டுவார்கள். ஒருக்கால் பாருங்கோ அப்பா.

ஜொய்சி

மொன்றியல்
27 பெப்ரவரி

என் பிள்ளைக்கு,

பார்த்தேன். மேல்வீட்டு பேனாட்டும் வந்திருந்தார்.

எவ்வளவு பெரிய மனிதர்கள்! நீ ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, எழுந்து பதில் சொன்னார்கள். ஒருவர் வாய் திறக்கவில்லை. பெருவிரலை மட்டும் கீழே காட்டினார். போரை நிறுத்த வேண்டாமாம். நீ அவர் பெயரைச் சொல்லி, “இல்லை” என்று சபை கேட்க உரத்துச் சொன்னாய். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று.

“உங்கட மகளோ?” என்றார் பேனாட்.

“ஓம், என்ர மகள்தான்.” தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

தீர்மானம் நான்கு வாக்கால் தோற்றதும், “பாத்தீங்களோ, ஒண்டும் நடக்கேல்லை” என்றார். உண்மைதான். விமானங்கள் இன்றும் பறக்கின்றன.

ஆனால் ஜொய்சி, முப்பது வருடமாக நான் ஒரு பெயரைத் தேடுகிறேன். உன் அம்மா படுத்திருந்த வீட்டின்மேல் குண்டு போடச் சொன்னவனின் பெயர். எந்தத் தாளிலும் அது இல்லை. உங்களிடம் நூறு பெயரும், யார் என்ன சொன்னார் என்பதும் எழுதியிருக்கிறது. இன்று குண்டு விழும் ஊரில் ஒரு பிள்ளை வளர்ந்து வந்து கேட்டால், விடை இருக்கும். அதைச் சபையில் உரத்துச் சொன்னது என் பிள்ளையின் குரல். நீ அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, இது விளங்க எனக்கு ஆறு வருடம் எடுத்தது. மன்னித்துக்கொள்.

அடுத்த மாதம் தீர்மானத்தைத் திரும்பவும் கொண்டுவருவார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். சபைக்கு மேலே சனங்கள் இருந்து பார்க்கிற வாங்குகள் தெரிந்தன. அதில் எனக்கு ஒரு இடம் எடுத்துத் தா. லீவு கேட்டுவிட்டேன். சத்தம் போடமாட்டேன், அம்மாவாணை.

அப்பா